ஏணியோடு வாருங்கள், தோழர்களே!



மழைக்கு முன்னால் நம் கையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. நான்காவது ஒன்று கிடைத்தால் அது வானம் மனசு வைத்துக் கொடுப்பது. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் ஏணியில் கால் வைக்க முடியாது, வழுக்கும். அதனால் வாழ்த்தும் வணக்கமும் பிறகு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடல் எங்கே இருக்கிறது, ஆம்பூர் எங்கே இருக்கிறது, புயல் நம்மை என்ன செய்யும் என்று போன வாரம் டீக்கடையில் ஒரு தோழர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. காற்று இங்கே வந்து சேர்வதற்குள் அதற்குப் பாதி உயிர் போயிருக்கும். தண்ணீர் அப்படி இல்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணம் பக்கம் கரையேறிய நிவர் புயல், தரையில் நடந்து நம் பக்கம்தான் வந்தது. அடுத்த வருடம் நவம்பர் 19 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரை கடந்தது புயல்கூட இல்லை. பெயர் வைக்கும் அளவுக்கு வளராத ஒரு தாழ்வு மண்டலம். அன்று காலையில்தான் பேரணாம்பட்டு அஜிஜியா தெருவில் வீடு இடிந்து 9 பேர் செத்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். அதே நாட்களில் பாலாறு நூறு வருடத்தில் காணாத தண்ணீரைக் கொண்டுவந்தது. மாதனூர் – உள்ளி தரைப்பாலம் போனது. விரிஞ்சிபுரத்தில் தரைப்பாலம் உடைந்தது. குடியாத்தத்தில் கௌண்டன்யா கரையோர வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. 1903இல் வாணியம்பாடியைப் பாலாறு வாரிக்கொண்டு போன கதையைப் பெரியவர்கள் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டவர்கள் நாம். வறண்ட ஆறு என்று மட்டையும் பந்துமாக இறங்கி ஆடியவர்கள்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர்: மழையில் ஊறிய நெடுஞ்சுவர் ஓட்டு வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர். 2015 ஜனவரி 31, நம் ராணிப்பேட்டை சிப்காட்: மழையே இல்லை, கழிவுச் சேற்றின் பாரம் தாங்காமல் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் படுத்திருந்த தொழிலாளர்கள் 10 பேர். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள். 2021, பேரணாம்பட்டு: 9 பேர். மூன்றும் நடந்தது ஊர் கண் விழிக்காத நேரத்தில். ஓட வாய்ப்புக் கிடைக்காத நேரம். மண் சுவரின் அடி தண்ணீரை உறிஞ்சி மாவாகிறது. மேலே கூரையின் பாரம் அப்படியே இருக்கிறது. மழை பெய்யும்போது நின்ற சுவர், மழை விட்டு வெயில் அடித்த மூன்றாம் நாளும் விழும். ஊரே அப்பாடா என்று மூச்சு விடும் நாள் அது.

நம் பகுதியில் இந்த மழைக்கு விழக் காத்திருக்கும் சுவர்கள் எவை என்று நமக்குத் தெரியாதா? உங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கும். உப்பு பூத்து, அடியில் முழங்கால் உயரம் பூச்சு உதிர்ந்து, மேலே பழைய நாட்டு ஓடு. அந்தப் பக்கம் போகாதே என்று குழந்தையிடம் சொல்லியிருப்பீர்கள். அந்த வீட்டுக்குள்ளும் குழந்தை இருக்கிறது.

ஏணியோடு நாமே இறங்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது ஊத்தங்கரையில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் உட்கார்ந்துகொண்டது ஞாபகம் இருக்கும். திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் போனார்கள், 5 பேர் குழந்தைகள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, சாலையில் நின்ற வேன்களை அடித்துக்கொண்டு போன படத்தை எல்லாருமே செல்போனில் பார்த்தோம். திருப்பத்தூர் தாண்டினால் ஊத்தங்கரை. நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அந்த வாரக் கடைசியில் நாங்கள் 11 பேர் ஒரு வேனில் போனோம். என்ன கொண்டு போனோம்? ஆம்பூர்க்காரன் என்ன கொண்டு போவான், பிரியாணிதான். கூடவே பிரெட், பாய், பழைய துணி மூட்டைகள்.

மெயின்ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஆறேழு வண்டிகள் நின்றன. சாலையோரச் சேற்றில் யாரோ இறக்கிவிட்டுப் போன துணி மூட்டைகள் நனைந்து கிடந்தன. ஒரு நாய் அதன்மேல் படுத்திருந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்தெருவுக்குள் போனோம். ஒரு பாட்டி வாங்கிக்கொண்டார், மறுக்கவில்லை. வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “சோறு நெறைய வருது சாமி. உங்கள்ல யாருக்காச்சும் மேல ஏறத் தெரியுமா?” கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினார். பாதி சிமெண்ட் ஷீட் இல்லை. மிச்சப் பாதி உடைந்து தொங்கியது. அவருக்குக் கீழே பேத்தி ஒருத்தி, ஈரப் பள்ளிக்கூடப் புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

11 பேரில் 9 பேர் ஷூ கம்பெனி, 2 பேர் தோல் ஷாப். ஏணி இல்லை. சுத்தியல் இல்லை. கையில் கரண்டி இருந்தது.

அடுத்த ஞாயிறு திரும்பிப் போனோம், ஷீட்டும் ஹூக் போல்ட்டும் வாங்கிக்கொண்டு. எங்கள் வீரத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். ஷீட்டில் மேடு பள்ளம் மேடு பள்ளமாக வரும் அல்லவா, நாங்கள் பள்ளத்தில் ஓட்டை போட்டு போல்ட்டை முடுக்கினோம். சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. எத்தனை போல்ட்டோ அத்தனை ஒழுகல். அந்த ஊர் கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தண்ணி ஓடுற வாய்க்கால்லயே ஓட்டை போட்டிருக்கீங்களே தம்பி என்று சிரித்தார். பிறகு அவரே மேலே ஏறி, மேட்டில் துளைத்து, வாஷருக்கு அடியில் தார் வைத்து முடுக்கிக் காட்டினார். சரி செய்ய மூன்று ஞாயிறு ஆனது. ஆனால் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவில் வேறு எந்த வண்டியையும் நாங்கள் பார்க்கவில்லை. சோற்று வண்டிகள் முதல் வாரத்தோடு சரி.

அங்கிருந்துதான் சொல்கிறேன். சோறு போடும் ஆட்கள் தமிழ்நாட்டில் ஏராளம், புண்ணியம், வாழட்டும். கூரை போடும் ஆட்கள்தான் இல்லை. இரண்டாம் வாரம், ஐந்தாம் வாரம், மூன்றாம் மாதம் வருகிற ஆட்கள் இல்லை. அந்த இடம் நம்முடையது.

ஏன் நம்முடையது? இரக்கத்தில் நாம் மற்றவர்களைவிட ஒசத்தி என்பதால் இல்லை. நம் கைக்குத் தொழில் தெரியும் என்பதால். தார்ப்பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். நிவாரணத்தில் கொடுக்கும் தார்ப்பாய் மூன்றாம் நாள் காற்றில் கிழிகிறது. எங்கே கிழிகிறது? நடுவில் இல்லை, கயிறு கட்டும் ஐலெட் ஓட்டையில். இதை ஸ்டிட்சிங் லைனில் இருக்கும் எந்தப் பெண்ணிடம் காட்டினாலும் அரை நிமிடத்தில் பதில் சொல்வார்: ஓரத்தை மடக்கி, உள்ளே நாடா கொடுத்து, இரட்டைத் தையல் போடு, மூலைக்கு ஒரு துண்டுத் தோல் வைத்து அதன்மேல் ஐலெட் அடி. கட்டிங்கில் கழித்துப் போடும் துண்டுத் தோல் நமக்கு எவ்வளவு வேண்டும்? மூட்டை மூட்டையாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் காலில் ஒரு தையல் பிரியக் கூடாது என்று நாள் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற பெண்கள், நம் ஊர்க் கூரைக்கு நாலு மூலை தைக்க மாட்டார்களா? தைப்பார்கள். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கட்டிங் தோழர்களுக்கு அளவும் பேட்டர்னும் அத்துப்படி. ஷீட்டை வீணாக்காமல் அளந்து போட அவர்கள்தான் சரி. மெயின்டனன்ஸ் பிட்டர்களிடம் டிரில் இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் இருக்கிறார். டிரம் ஓட்டுகிற தோல் ஷாப் தோழர்களுக்கு ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி மரத்த தோள். சவுக்குக் கம்பு சுமக்க வேறு ஆள் தேட வேண்டாம். ஆபீசில் இருக்கும் தம்பிகளே, உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் வேலைதான் மிக முக்கியம், அதற்கு வருகிறேன்.

அரசு செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் கேள்வி நேர்மையானது. கணக்கைப் பார்ப்போம். மத்திய பேரிடர் நிவாரண விதிப்படி ஓரளவு சேதமான மண் வீட்டுக்கு 4,000 ரூபாய், கட்டட வீட்டுக்கு 6,500. அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். 14 என்று எழுதினால் ஒன்றும் இல்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநில அரசு சேதமடைந்த குடிசைக்கு 10,000 அறிவித்தது. இந்த 4,000 ரூபாயில் எத்தனை ஷீட் வரும் என்று நீங்களே கடையில் விசாரியுங்கள். கொத்தனார் கூலி, சித்தாள் கூலி போனால் மிஞ்சுவது கயிறு. கூலி நாமாக இருந்தால்? வந்த பணம் முழுக்கப் பொருளுக்குப் போகும். அரசை விட்டுவிடுவதாக இதற்கு அர்த்தமில்லை. ஒரு கையில் மனு, இன்னொரு கையில் சுத்தியல். மனுவுக்குப் பதில் வரும்வரை வானம் காத்திருக்காது.

ஆபீஸ் தம்பிகள் இங்கே வருகிறார்கள். ஊத்தங்கரையில் நாங்கள் செய்த இன்னொரு முட்டாள்தனம்: ஒரு வீட்டை ஆசையாகச் சரி செய்து கொடுத்தோம். பிறகு பார்வையிட வந்தவர்களுக்கு அங்கே சேதமே தெரியவில்லை. பட்டியலில் பெயர் இல்லை. நல்லது செய்யப் போய் அந்தக் குடும்பத்தின் பணத்தைக் கெடுத்தவர்கள் நாங்கள். இனி விதி இதுதான்: படம் எடுக்காமல் ஒரு ஓட்டில் கை வைக்கக் கூடாது. நாலு பக்கமும் எடு, வீட்டுக்காரரை நிற்க வைத்து எடு, தேதியோடு எடு. வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்து ரசீது வாங்கு. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் நனைந்து போயிருந்தால் புதியது கேட்டு மனு எழுதிக் கொடு. முழுக்க இடிந்த வீடு என்றால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீட்டுக்கு வழி உண்டா என்று பார். ஏணியில் ஏற பயமாக இருக்கிறது என்று ஒதுங்குகிற தோழர்களுக்கு இதுவே ஒரு முழு நாள் வேலை.

வீடு கேட்டுப் போனால் இடத்துக்குப் பட்டா இருக்கிறதா என்பார்கள். பட்டா என்றதும் ஒரு சண்டை வரும். வந்துவிட்டது. ஆற்றோரம் புறம்போக்கில் இருக்கும் வீட்டை நாம் ஏன் பழுது பார்க்க வேண்டும், நாளைக்கு இடிக்கத்தானே போகிறார்கள் என்று நம் கூட்டத்திலேயே குரல் வந்தது. என் தீர்ப்பைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் வேலை செய்துகொண்டே திட்டலாம். இன்று ராத்திரி அந்தக் கூரைக்கு அடியில் யார் படுக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆறு புகும் இடத்தில் செங்கல் வைத்துப் பெரிய வேலை செய்ய வேண்டாம். அது அவர்களை அங்கேயே மாட்டிவிடுவது. சுவருக்கு முட்டுக் கொடு, தார்ப்பாய் கட்டு, மாற்று இடத்துக்குப் பட்டா கேட்டு அவர்களோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நில்.

அடுத்தது, எங்கிருந்து தொடங்குவது? மெயின்ரோட்டிலிருந்து அல்ல. லாரி எப்போதும் மெயின்ரோட்டில்தான் நிற்கும். சேரித் தெரு வரைக்கும் வருவதற்குள் மூட்டை தீர்ந்துவிடும். 2004 சுனாமியிலிருந்து பார்த்துவிட்டோம். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, சொல் போகட்டும். லாரி எப்போது உள்ளே போகும்? நம் வண்டி கடைசித் தெருவில் தொடங்கி மெயின்ரோட்டை நோக்கி வரும். அங்கே தண்ணீர் கொடுத்தால் குடிக்கத் தயங்குகிறவர் நம் வண்டியில் ஏற வேண்டாம். அதே போல, தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுக்கும் பீகார், ஒடிசா, வங்காளப் பையன்களின் அறைச் சுவரையும் பாருங்கள். வாடகை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. அவர்களுக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை, ஓட்டு இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இது நடக்காத காரியம் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் 2018ஐ நினைவுபடுத்துங்கள். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் ஏறி, டெல்டாவின் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டது. மின்கம்பங்கள் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம். எல்லா மாவட்டத்திலிருந்தும் லைன்மேன்கள் போனார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். இடுப்பளவு வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டவர்களை ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளைபோல வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கொண்டு போனது அனுதாபம் அல்ல, தொழில். ஒரு நடிகரின் மன்றத்தாரே 2019இல் நாகை மாவட்டத்தில் 10 குடும்பங்களுக்கு வீடு கட்டிச் சாவி கொடுக்க முடிந்தது. ஆயிரக்கணக்கில் திறமையான கைகளை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு என்ன கேடு? கடல் தாண்டியும் பாருங்கள். 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, மாலிக் ரஹீம் என்ற கறுப்பினத் தோழர் தன் வீட்டு வாசலில் தொடங்கிய ‘காமன் கிரவுண்ட்’ குழுவுக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பூஞ்சை பிடித்த சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, வீடு வீடாகக் காய வைத்தார்கள். பணக்கார நாட்டிலும் கடைசியில் வேலை செய்தது கைதான்.

ஆனால் வீரம் காட்டிக் காலை ஒடித்துக்கொள்ளாதீர்கள். சிமெண்ட் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் கால் உள்ளே போகும், ஆளும் போவான். குறுக்குச் சட்டத்துக்கு மேலே பலகை போட்டு, பலகையில் நட. பழைய ஷீட்டை அறுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள், மூக்கைக் கட்டிக்கொள். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். மெயின் சுவிட்சை அணைக்காமல் ஈரச் சுவரைத் தொடாதே. சரிந்த ஓட்டுக் குவியலில் வெறுங்கையை விடாதே, பாம்பு இருக்கும். நம் பகுதிக்கே உரிய ஒன்று: வெள்ளம் வந்தால் பாலாற்றில் நுரை பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள், மழையைச் சாக்காக வைத்து யார் எதைத் திறந்துவிடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சேற்றை வெறுங்காலால் மிதிக்காதீர்கள். தோல் ஷாப்பில் போடும் கம்பூட்ஸையும் கையுறையையும் கழுவிக் கொண்டு வாருங்கள்.

சரி, இந்த மூன்று ஞாயிறு என்ன செய்கிறோம்? முதல் ஞாயிறு தெருத் தெருவாக நடந்து சுவர்களைப் பார்க்கிறோம்; மோசமான சுவர் உள்ள வீட்டுக்காரரிடம், மழை நாளில் எங்கே படுப்பார்கள் என்று அப்போதே பேசி முடிக்கிறோம். அடுத்த இரண்டு ஞாயிறும் முட்டு, வாய்க்கால், கூரை. வீட்டைச் சுற்றி ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டிச் சாக்கடையில் சேர்த்தாலே பாதிச் சுவர்கள் பிழைத்துவிடும். மண்வெட்டி இருந்தால் போதும், செலவு கிடையாது. பெண் தோழர்கள் சாயங்காலம் கம்பெனி பஸ் விட்டு இறங்கிய பிறகு தார்ப்பாய் தைக்க ஓர் இடமும் நாலு மிஷினும் வேண்டும். வீட்டில் மிஷின் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். மழை தொடங்கிவிட்டால் நாம் கலைய மாட்டோம். எந்த ஊரில் விழுந்தாலும், பேரணாம்பட்டோ ஊத்தங்கரையோ கடலூரோ, இரண்டாவது வாரம் நம் வண்டி அங்கே போய் நிற்கும். தை வரைக்கும் நிற்கும்.

பணம் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு, அதில் குழுக்கடனுக்குப் போவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளைக் கேட்கிறேன், அது பணத்தைவிடப் பெரிது என்று தெரிந்தே கேட்கிறேன்.

ஜமாஅத் பெரியவர்களே, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல்லுங்கள், உருதுவிலும் சொல்லுங்கள். சர்ச்சிலும் கோயில் வாசலிலும் சொல்லுங்கள். பக்கத்து லைனில் நிற்கும் ஒடிசாப் பையனுக்குத் தெரிந்த இந்தியில் சொல்லுங்கள். எந்தச் சங்கம், எந்தக் கொடி என்று கேட்க மாட்டோம். கொடிக்கம்பு இருந்தால் கொண்டு வாருங்கள், முட்டுக் கொடுக்க ஆகும்.

வருகிற ஞாயிறு காலை 7 மணி, ஆம்பூர் பேருந்து நிலையம். சாப்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நம்மிடம் ஏணி இரண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள்.